டஸ்கீகி: விவசாயியைத் தேடி வண்டி புறப்பட்ட ஊர்

விருத்தாசலம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதியிருந்தார். மகன் அமெரிக்காவில், அட்லாண்டா நகரில் வேலை பார்க்கிறார். அப்பாவும் அம்மாவும் வந்து மூன்று மாதம் இருக்க வேண்டும் என்று டிக்கெட் எடுத்துவிட்டாராம். "பெரிய கட்டடத்தையும் கடைத்தெருவையும் பார்த்து எனக்கு என்ன ஆகப்போகிறது? ஒரு விவசாயி போய்ப் பார்க்கிற மாதிரி ஊர் அங்கே ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டிருந்தார். கடலையில் டிக்கா இலைப்புள்ளி, தென்னையில் வெள்ளை ஈ என்று வரும் கேள்விகளுக்கு நடுவில் இப்படி ஒரு கேள்வி. நாலு வரியில் பதில் சொல்ல முடியாததால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அப்படி ஓர் ஊர் இருக்கிறது. பக்கத்து மாநிலமான அலபாமாவில் உள்ள டஸ்கீகி. என் மகளும் அட்லாண்டா பக்கத்தில்தான் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போனபோது, இந்த ஊரைப் பார்க்காமல் திரும்புவதில்லை என்று முடிவோடு இருந்தேன். வேளாண் விரிவாக்கப் பாடத்தில் இந்த ஊரின் பெயரைக் கல்லூரியிலேயே படித்திருக்கிறேன். விவசாயியின் வீட்டு வாசலுக்கே போய்ச் சொல்லிக்கொடுக்கும் வேலையை வண்டி கட்டிக்கொண்டு செய்த ஊர் அது. 30 வருஷத்துக்கு மேல் அதே வேலையைச் செய்கிறவன் பார்க்க வேண்டிய இடம் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தபோது பாடத்தில் இல்லாத வேறொரு கதையும் அங்கே இருந்தது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

செம்மண்ணும் அவித்த கடலையும்

அட்லாண்டாவிலிருந்து தென்மேற்கே சுமார் 200 கி.மீ. காரில் இரண்டு மணி நேரம். மாநில எல்லையைத் தாண்டியதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்க வேண்டும். சாலைக்கு இரண்டு பக்கமும் வெட்டிய மேடுகளில் தெரிவது நல்ல செம்மண். கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலைப் பக்கம் போகிற மாதிரியே இருக்கும். மேலே மட்டும் பைன் மரக் காடு. கோடையில் வெயிலும் புழுக்கமும் நம்ம ஊரைப் போலவேதான்.

வழியில் சில இடங்களில் ஒரு கொடி, மரம், மின்கம்பம், பாழடைந்த வீடு எல்லாவற்றையும் போர்வை போலப் போர்த்திக் கிடக்கும். அதன் பெயர் குட்சு. அவரை போல மூன்று மூன்று இலை கொண்ட பயறு வகைக் கொடி. 1876-ல் ஒரு கண்காட்சிக்காக ஜப்பானிலிருந்து வந்தது. 1930-களில் மண் அரிப்பைத் தடுக்க இதுவே மருந்து என்று அரசாங்கமே நாற்று கொடுத்து, நட்டவர்களுக்கு ஏக்கருக்கு இவ்வளவு டாலர் என்று பணமும் கொடுத்தது. பிறகு அதுவே களையாகிவிட்டது. நம்மூர் சீமைக்கருவேல மரத்தின் கதைதான். விறகுக்கும் வேலிக்கும் நல்லது என்று கொண்டுவந்து, இப்போது வேரோடு பிடுங்க ஆள் தேடுகிறோம்.

சாலையோரக் கடைகளில் 'அவித்த கடலை' என்று பலகை வைத்திருப்பார்கள். பச்சைக் கடலையை ஓட்டோடு உப்புத் தண்ணீரில் மணிக்கணக்காக வேகவைத்து, சூட்டோடு பொட்டலம் கட்டித் தருகிறார்கள். அமெரிக்காவில் தெற்கு மாநிலங்களின் தின்பண்டம் இது. நம்ம ஊரில் மல்லாட்டை பிடுங்கும் நாளில் வீட்டில் அவிக்கிறோமே, அதே ருசி. காராமணியும் வெண்டைக்காயும் அங்கே அன்றாடச் சாப்பாட்டில் உண்டு. அவை இரண்டும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களோடு அந்த மண்ணுக்கு வந்த பயிர்கள்.

சூளை மூன்று முறை உடைந்த கல்லூரி

டஸ்கீகி சின்ன ஊர். 2020 கணக்கெடுப்பில் 9,400 பேர்தான். நடுவில் ஒரு சதுக்கம், அதன் ஓரத்தில் நூறு ஆண்டைக் கடந்த நீதிமன்றக் கட்டடம், சுற்றிலும் பழைய செங்கல் கட்டடங்கள், பெரிய ஓக் மரங்கள். கூட்டம் கிடையாது. ஒரு நாளில் நடந்தே பார்த்துவிடலாம்.

இந்த நிலம் முதலில் மஸ்கோகி என்னும் செவ்விந்திய மக்களுடையது. ஊரின் பெயரும் அவர்களிடமிருந்து வந்ததே. 1830-களில் அவர்களை மேற்கே விரட்டிவிட்டு, அந்த நிலத்தில் பருத்தி போட்டார்கள். பருத்தியில் வேலை செய்தவர்கள் கறுப்பின அடிமைகள். 1865-ல் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்தது. ஆனால் விடுதலை ஆனவர்களிடம் நிலம் இல்லை, மாடு இல்லை, விதை வாங்கக் காசு இல்லை. பழைய முதலாளியின் நிலத்திலேயே வாரத்துக்குப் பயிரிட்டார்கள். கடைக்காரரிடம் விளையப்போகும் பருத்தியை ஈடு காட்டிக் கடன் வாங்கினார்கள். அறுவடை முடிந்ததும் கணக்குப் பார்த்தால் கடன் மிச்சம் நிற்கும். கடன் கொடுத்தவர் பருத்தியைத் தவிர வேறு எதையும் போடவிடமாட்டார். ஒரே பயிரை வருஷா வருஷம் போட்டு மண் ஓய்ந்துபோனது.

அந்தக் காலத்தில்தான், 1881 ஜூலை 4 அன்று, 30 மாணவர்களோடு டஸ்கீகியில் ஒரு பள்ளி தொடங்கியது. தலைமை ஏற்று வந்தவர் புக்கர் டி. வாஷிங்டன். அவரும் அடிமையாகப் பிறந்தவர்தான். வயது 25. மாநில அரசு ஆண்டுக்கு 2,000 டாலர் கொடுத்தது. அது ஆசிரியர் சம்பளத்துக்கு மட்டும். கட்டடம் கிடையாது. சர்ச் பக்கத்தில் ஒழுகும் கொட்டகையில் வகுப்பு நடந்தது. அடுத்த வருஷம் ஒரு பழைய பருத்திப் பண்ணையின் 100 ஏக்கரை வாங்கி, மாணவர்களே செங்கல் அறுத்துக் கட்டடம் கட்டத் தொடங்கினார்கள். சூளை மூன்று முறை வீணாகிவிட்டது. நான்காவது சூளைக்குக் கையில் காசில்லாமல் வாஷிங்டன் தன் கடிகாரத்தை அடகு வைத்தார். அந்தச் சூளை வெந்தது.

அந்த மாணவர்கள் அறுத்த செங்கல்லில் எழுந்த கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. 1899-ல் கட்டிய வாஷிங்டனின் வீடும் அப்படிக் கட்டியதுதான். அதற்கு வரைபடம் போட்டவர் ராபர்ட் டெய்லர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். பள்ளி இன்று டஸ்கீகி பல்கலைக்கழகம். தென் ஆப்பிரிக்காவில் இருந்த காந்தி, 1903-ல் தன் 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையில் வாஷிங்டனைப் பற்றி எழுதியிருக்கிறார். உழைப்பையும் படிப்பையும் ஒன்றாக வைத்த பள்ளி அவரைக் கவர்ந்ததில் ஆச்சரியம் இல்லை.

காசு கேட்காத விவசாயம்

1896-ல் இந்தப் பள்ளியின் விவசாயத் துறைக்கு வந்தவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். இவரும் அடிமையாகப் பிறந்தவர். அயோவா மாநிலத்தில் விவசாயப் படிப்பில் முதுகலைப் பட்டம் வாங்கியவர். வந்து பார்த்தால் ஆய்வகம் இல்லை. குப்பையில் கிடந்த பாட்டில், பழைய பாத்திரம், கம்பி என்று மாணவர்களோடு பொறுக்கி ஆய்வகம் அமைத்தார்.

கார்வர் என்றால் 'நிலக்கடலையிலிருந்து 300 பொருள் கண்டுபிடித்தவர்' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவற்றில் பெரும்பாலானவை சந்தைக்கே வரவில்லை. கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவரும் அவர் இல்லை. விவசாயிக்கு அவர் செய்த பெரிய உதவி வேறு. கையில் காசே இல்லாத வாரதாரர் நாளைக் காலையில் என்ன செய்ய முடியும் என்று மட்டும் அவர் யோசித்தார். உரம் வாங்க முடியாதா? காட்டிலிருந்து சருகு அள்ளி வா, சதுப்பில் கிடக்கும் கறுப்புச் சேற்றை எடுத்து வா, தொழு எருவோடு சேர்த்து மக்கவை என்றார். பருத்திக்கு நடுவில் காராமணியையும் கடலையையும் மாற்றிப் போடச் சொன்னார். வீட்டுக்குச் சாப்பாடாகச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு நடச் சொன்னார்.

இவற்றை 40-க்கும் மேற்பட்ட சிறு கையேடுகளாக எழுதி இலவசமாகக் கொடுத்தார். 1898-ல் வந்த முதல் கையேடே, காட்டில் சும்மா கொட்டிக் கிடக்கும் ஓக் மரக் கொட்டையைக் கால்நடைக்குத் தீவனமாகக் கொடுப்பது பற்றியதுதான். 1916-ல் வந்த நிலக்கடலைக் கையேட்டில் சாகுபடி முறையோடு 105 சமையல் குறிப்புகளையும் சேர்த்திருந்தார். விளைந்ததை விற்க முடியாவிட்டால் வீட்டிலாவது சாப்பிடட்டும் என்பது கணக்கு.

இந்த இடத்தில் நம் விவசாயிகளுக்கு ஒரு குறிப்பு. கடலை போட்டால் மண் தானாக வளமாகும் என்று நம்பிவிடாதீர்கள். வேர் முடிச்சு காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிப்பது உண்மை. ஆனால் செடியைப் பிடுங்கி, கொடியை மாட்டுக்குப் போட்டு, சாணத்தை வயலுக்குத் திருப்பாமல் விட்டால் மண்ணுக்கு மிஞ்சுவது குறைவு. தட்டைப்பயறு, தக்கைப்பூண்டு, சணப்பை எதுவானாலும் பூக்கும் நேரத்தில் மடக்கி உழுதால்தான் முழுப் பலன். கார்வர் காராமணியை வலியுறுத்தியதும் இந்த மண் வளத்துக்காகத்தான்.

கல்லூரி வளாகத்தில், பழைய சலவைக்கூடக் கட்டடத்தில், கார்வர் பெயரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அவர் சேர்த்த மண் வகைகள், அந்த மண்ணில் செய்த வண்ணங்கள், பின்னல் வேலைகள் வரை அங்கே வைத்திருக்கிறார்கள். சேமித்த பணத்தை ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டு 1943-ல் இறந்தார். வளாகத்துக்குள்ளேயே வாஷிங்டன் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

வயலுக்கு வந்த வண்டி

1892 முதல் ஆண்டுதோறும் விவசாயிகளைக் கல்லூரிக்கு அழைத்து மாநாடு நடத்தினார்கள். முதல் மாநாட்டுக்கு 75 பேர் வருவார்கள் என்று நினைத்தார்கள், 400 பேர் வந்தார்கள். ஆனால் வர முடிந்தவர்கள் வந்தார்கள், கடனிலும் வேலையிலும் சிக்கியவர்கள் வரவில்லை. அதனால்தான் 1906-ல் கல்லூரி வண்டி கட்டியது. பணம் கொடுத்தவர் மாரிஸ் ஜெஸப் என்னும் நியூயார்க் செல்வந்தர். அதனால் அதற்கு ஜெஸப் வண்டி என்று பெயர். எப்படி இருக்க வேண்டும் என்று திட்டமிட்டவர் கார்வர். இரும்புக் கலப்பை, களை எடுக்கும் கருவி, பாலில் ஏடு பிரிக்கும் இயந்திரம், வெண்ணெய் கடையும் பீப்பாய், பால் சோதனைக் கருவி, விதை, படங்கள் எல்லாம் அதில் ஏற்றினார்கள்.

அந்த வண்டியை ஏற்று நடத்திய தாமஸ் மன்றோ கேம்பல், டஸ்கீகியிலேயே படித்தவர். 1906 நவம்பரில் அமெரிக்க வேளாண் துறை அவரை நியமித்தது. அந்த நாட்டின் முதல் கறுப்பின விரிவாக்க அலுவலர் அவர்தான். விரிவாக்கப் பணிக்கு நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது 1914-ல். அதற்கு 8 வருஷம் முன்பே இந்த வண்டி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது.

வேலை செய்த முறையைக் கேளுங்கள். ஒரு ஊரில் ஒரு விவசாயியின் இடத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். அக்கம்பக்கத்தார் எல்லாம் அங்கே கூடுவார்கள். கூடியவர்களே உழுவார்கள், வேலியைச் சரி செய்வார்கள், கோழிக்கூண்டு கட்டுவார்கள். பெண்களுக்கு உணவைப் பதப்படுத்தவும் வீட்டைச் சுத்தமாக வைக்கவும் சொல்லிக்கொடுப்பார்கள். செய்து பார்த்ததை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். நாம் இன்று போடும் செயல்விளக்கத் திடலும் உழவர் வயல்வெளிப் பள்ளியும் இந்த வழிதான்.

1923-ல் பெரிய மோட்டார் லாரி ஒன்று வந்தது. அலபாமாவின் கறுப்பின விவசாயிகளே அதற்குப் பணம் திரட்டினார்கள். ஏழை வாரதாரர்கள் தங்கள் காசைப் போட்டு ஓர் அரசாங்க அலுவலருக்கு வண்டி வாங்கிக் கொடுத்தார்கள் என்றால், அந்த வண்டி அவர்களுக்கு எவ்வளவு உதவியிருக்க வேண்டும். லாரியில் வேளாண் அலுவலரும், வீட்டு வேலை சொல்லித்தரும் பெண் அலுவலரும், ஒரு நர்ஸும் போனார்கள்.

அந்த நர்ஸின் பெயர் யூனிஸ் ரிவர்ஸ். அடுத்த கதை அவரோடு தொடர்புடையது.

நம்பிக்கை உடைந்த இடம்

ஊர் நடுவில் ஒரு பழைய வங்கிக் கட்டடத்தில் வரலாற்று மையம் ஒன்று இருக்கிறது. ஃபிரெட் கிரே என்னும் வழக்கறிஞர் முயற்சியில் உருவானது. செவ்விந்தியர், வெள்ளையர், கறுப்பினத்தவர் என்று மூன்று மக்களின் கதையும் அதில் உண்டு. 1957-ல் கறுப்பின வாக்காளர்களை ஊருக்கு வெளியே தள்ளுவதற்காக, சதுரமாக இருந்த நகர எல்லையை 28 பக்கமாகக் கோணல் மாணலாக மாற்றினார்கள். கல்லூரிப் பேராசிரியர் சார்லஸ் கோமிலியன் முதலானோர் வழக்குப் போட்டார்கள். வாதாடியவர்களில் ஃபிரெட் கிரேயும் ஒருவர். 1960-ல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்தால், அடுத்து இருப்பது 600 விவசாயிகளின் கதை.

1932-ல் அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை இந்த மாவட்டத்துக்கு வந்தது. சிபிலிஸ் என்னும் மேகநோயை மருந்து கொடுக்காமல் விட்டால் உடம்பு என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். அதற்குக் கறுப்பின ஆண்கள் 600 பேரைச் சேர்த்தார்கள். 399 பேருக்கு நோய் இருந்தது, 201 பேருக்கு இல்லை. பெரும்பாலும் வாரத்துக்குப் பயிரிடுகிற ஏழைகள். என்ன நோய், எதற்காக வந்திருக்கிறோம் என்று அவர்களிடம் சொல்லவில்லை. 'கெட்ட ரத்தத்துக்கு வைத்தியம்' என்றார்கள். இலவசப் பரிசோதனை, சூடான சாப்பாடு, செத்தால் அடக்கச் செலவுக்கு இன்சூரன்ஸ். முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்ததைக் கூடச் சிகிச்சை என்றே சொன்னார்கள். 1940-களின் இறுதிக்குள் பென்சிலின் என்னும் மருந்து எல்லா இடத்திலும் கிடைத்தது. இவர்களுக்கு மட்டும் கொடுக்கவில்லை. 40 வருஷம் இது நடந்தது. 1972-ல் பத்திரிகையில் வெளிவந்த பிறகுதான் நின்றது. ஃபிரெட் கிரே வழக்குப் போட்டு இழப்பீடு வாங்கிக் கொடுத்தார். 1997-ல் அதிபர் கிளிண்டன் அரசாங்கத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அப்போது உயிரோடு இருந்தவர்கள் ஒரு சிலரே.

இந்த 600 பேரையும் வீடு தேடிப் போய் அழைத்துவந்து, ஆண்டுக்கணக்கில் விடாமல் தொடர்பில் வைத்திருந்தவர் நர்ஸ் ரிவர்ஸ். அந்த லாரியில் வந்து பிள்ளைகளுக்கும் பிரசவத்துக்கும் யோசனை சொன்ன அதே நர்ஸ். அவர் எந்த அளவுக்குத் தெரிந்து செய்தார், மேலதிகாரிகள் சொன்னதைச் செய்தாரா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். மக்கள் மேல் அவர் வைத்திருந்த அன்பு பொய் இல்லை என்று சொல்பவர்களும் உண்டு. அது எப்படியானாலும், அவர் முகத்தைப் பார்த்துத்தான் அந்த விவசாயிகள் காரில் ஏறினார்கள்.

மகள் என்னிடம் கேட்டாள். "ஏம்ப்பா, 40 வருஷத்துல ஒருத்தர் கூடவா என்ன ஊசி இதுன்னு கேக்கல?"

"கேட்டிருப்பாங்கம்மா. பதில் சொன்னவங்க தெரிஞ்சவங்களா இருந்ததால நம்பியிருப்பாங்க."

விவசாயியின் நம்பிக்கையைச் சம்பாதிக்க அந்த வண்டி ஊர் ஊராகப் பல வருஷம் அலைந்தது. சம்பாதித்த நம்பிக்கையை வைத்தே இன்னொரு துறை அவர்களை ஏமாற்றியது. இரண்டும் ஒரே மாவட்டத்தில், ஒரே மக்களுக்கு நடந்தவை. என் போன்றவர்கள் இந்த ஊரில் கற்க வேண்டியது இதுதான் என்று எனக்குப் பட்டது.

என் பணிக்காலத்தில் ஒரு மானாவாரிக் கிராமத்தில் மண் மாதிரி எடுக்கப் போனேன். வயதான பெரியவர் ஒருவர் வரப்பில் நின்று, "மண்ணை அள்ளிக்கிட்டுப் போறீங்க. போன தடவை வந்தவங்களும் அள்ளிக்கிட்டுப் போனாங்க. முடிவு ஒண்ணும் வரலையே" என்றார். அவர் கேட்டது நியாயம். அந்த முறை முடிவு வந்ததும் அவர் வீட்டுக்கே கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் அந்த ஊரில் என் பேச்சைக் காதில் வாங்கினார்கள்.

அதனால் இதைப் படிக்கும் விவசாயிகளுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் வயலுக்கு யார் வந்தாலும், எங்கள் துறையாக இருக்கட்டும், விதைக் கம்பெனியாக இருக்கட்டும், மருந்துக் கம்பெனியாக இருக்கட்டும், ஆராய்ச்சிக்கு வந்தவராக இருக்கட்டும், மூன்று கேள்வி கேளுங்கள். இது எதற்காக? முடிவு எனக்கு எப்போது, எப்படித் தெரியும்? நஷ்டம் வந்தால் யார் பொறுப்பு? உங்கள் நிலத்தில் சோதனைத் திடல் போடுவதாக இருந்தால் இந்த மூன்றுக்கும் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல எண்ணத்தோடு வந்தவருக்கு இந்தக் கேள்விகளால் கோபம் வராது.

ஓய்ந்த நிலம் காடானது

மனசு கனத்துப்போன பிறகு காட்டுக்குப் போனோம். ஊருக்கு வடகிழக்கே டஸ்கீகி தேசியக் காடு. சுமார் 11,000 ஏக்கர்தான். அமெரிக்காவின் தேசியக் காடுகளிலேயே சிறியது இது.

இது ஆதிகாலத்துக் காடு இல்லை. பருத்தி போட்டுப் போட்டு மேல்மண் அடித்துப்போய், ஓடை ஓடையாகப் பள்ளம் விழுந்த விளைநிலம். 1930-களின் மத்தியில், இனி விவசாயத்துக்கு ஆகாது என்று அரசாங்கம் இந்த நிலங்களை விலைக்கு வாங்கி மரம் நட்டது. 1959-ல் தேசியக் காடாக அறிவித்தார்கள். இன்று உயரமான பைன் மரங்களும், ஓடைக்கரையில் ஓக் மரங்களும், மானும் காட்டு வான்கோழியும் இருக்கின்றன. 1770-களில் இந்தப் பக்கம் பயணம் செய்த வில்லியம் பார்ட்ரம் என்னும் செடியியல் அறிஞரின் பெயரில் 8.5 மைல் நடைபாதை ஒன்று உண்டு. வயதானவர்கள் அதில் அரை மணி நேரம் நடந்தாலே போதும். நிழலும் காற்றும் நன்றாக இருக்கும்.

காட்டுக்குள் கவனித்துப் பார்த்தால், பழைய பள்ளங்களின் தடம் சருகுக்கு அடியில் இன்னும் தெரிகிறது. கையால் தோண்டிப் பார்த்தேன். மேலே இரண்டு விரல்கடை கறுப்பு மக்கு. அதற்குக் கீழே கெட்டிச் செம்மண். மரம் நட்டுக் கிட்டத்தட்ட 90 வருஷத்தில் சேர்ந்த மேல்மண் அவ்வளவுதான். நம் சரிவு நிலங்களில் ஒரு கன மழையில் அவ்வளவு மண் போய்விடும். சரிவுக்குக் குறுக்கே உழுவதும், வரப்பில் வெட்டிவேர் நடுவதும் இந்த இரண்டு விரல்கடைக்காகத்தான்.

சின்னப் பண்ணைக்கு ஒரு கணக்கு

இதே கல்லூரியில் பின்னாளில் தோட்டக்கலைப் பேராசிரியராக இருந்த புக்கர் டி. வாட்லியையும் சொல்ல வேண்டும். பெரிய பண்ணைகள் சிறிய விவசாயியை விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில், 25 ஏக்கரில் குடும்பம் பிழைக்க வழி சொன்னார். ஒரே பயிரை நம்பாமல், வருஷம் முழுக்கத் தினமும் காசு வருகிற மாதிரி பல பயிர் போட வேண்டும். பக்கத்து நகரத்துக் குடும்பங்களை வருஷச் சந்தா கட்டும் உறுப்பினர்களாகச் சேர்க்க வேண்டும். அவர்களே தோட்டத்துக்கு வந்து பறித்துக்கொண்டு போக வேண்டும். இடைத்தரகருக்கு வேலை இருக்காது. அந்த ஊர்க் கணக்கில் 25 ஏக்கர் என்பது துண்டு நிலம். நமக்கு இரண்டு ஏக்கருக்கு அந்த யோசனை பொருந்தும். 1999-ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையும், இப்போது சிலர் வாட்ஸ்அப் குழுவில் காய்கறி விற்பதும் அதே எண்ணத்தில்தான்.

போகிறவர்களுக்கு

மார்ச், ஏப்ரல், அக்டோபர், நவம்பர் நல்ல மாதங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை புழுக்கம் அதிகம். பஸ் வசதியை நம்ப முடியாது, பிள்ளைகளைக் காரில் கூட்டிப் போகச் சொல்லுங்கள். காலையில் புறப்பட்டால் இரவுக்குள் அட்லாண்டா திரும்பிவிடலாம். வாஷிங்டன் வீடும் கார்வர் அருங்காட்சியகமும் தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் இருக்கின்றன, கட்டணம் இல்லை. பழுதுபார்ப்பு வேலைக்காகச் சில நாள் மூடியிருப்பார்கள் என்பதால் முதல் நாளே விசாரித்துவிட்டுப் போங்கள். நேரம் இருந்தால் மோட்டன் ஃபீல்டு விமானத் தளத்தையும் பாருங்கள். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் கிட்டத்தட்ட 1,000 கறுப்பின விமானிகள் டஸ்கீகியில்தான் பயிற்சி பெற்றார்கள்.

இன்னொரு நாள் கிடைத்தால், தெற்கே ஏறக்குறைய 2 மணி நேரத்தில் என்டர்பிரைஸ் என்று ஓர் ஊர். அங்கே ஒரு பெண் சிலை, தலைக்கு மேல் ஒரு பூச்சியைத் தூக்கிப் பிடித்திருக்கும். பருத்திக் காயைத் தின்று அந்தப் பகுதியையே நாசம் செய்த கூன்வண்டு அது. அது வந்ததால்தான் பருத்தியை விட்டுக் கடலைக்கு மாறிப் பிழைத்தோம் என்று 1919-ல் அதற்கு நினைவுச் சின்னம் வைத்துவிட்டார்கள். நம்ம ஊர்ப் பருத்தியில் அந்த வண்டு இல்லை, நமக்கு இளஞ்சிவப்புக் காய்ப்புழுவே போதும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஆசைப்பட்டு அங்கிருந்து விதையோ செடியோ மண்ணோ கொண்டுவராதீர்கள். விமான நிலையத்தில் பறிமுதல் ஆகும் என்பது மட்டும் இல்லை, புது நோயும் புதுக் களையும் அப்படித்தான் வந்து சேர்கின்றன. அவித்த கடலையை அங்கேயே வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.